அக்கா கொண்டுவந்த நெய்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் கஸ்தூரியம்மாள் வந்து இறங்கினால், அவளுக்கு முன்னால் நெய் வாசனை சுரங்கத்துக் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்துவிடும். மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் வளர்க்கும் எருமையின் வெண்ணெயை முருங்கைக்கீரை கிள்ளிப்போட்டு உருக்கி, தூக்குவாளியின் வாயைத் துணியால் கட்டி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டே வருவாள். அன்றைக்கு வந்தது ஏழாவது வாளி.

"கன்னம் ஒட்டிப் போச்சேடா தம்பி. சொரம் வந்த ஒடம்புக்கு நெய்ய ஊத்திப் போடுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். என்னாதான் போடுறா ஒம் பொண்டாட்டி?"

"போட்டுக்கினுதான் இருக்கேன் அண்ணி," என்று பட்டம்மாள் வாளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தம்பி சிங்காரவேல் தரையைப் பார்த்தார்.

வந்தது சுரம் இல்லை. மாசி மாதம் இரண்டாம் ஷிப்டில், சுரங்கத்தில் நீர் இறைக்கும் பம்புக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் கூட வேலை பார்க்கும் கலியன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். இருபத்தாறு நாள் படுக்கை. ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். கொலஸ்ட்ரால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று கடிதம் வந்தது. "ரத்தத்துல கொழுப்பு கூடக்கூட, குழாய்க்குள்ள படிஞ்சு வழி குறுகும்னு சொல்றாங்க. நெய், வெண்ணெய், முட்டை மஞ்சக்கரு, ஆட்டுக் கொழுப்பு எதுவும் வேண்டாம். அளவு எறங்கினா ஆபத்தும் கொறையும். அப்புறம் பம்பு வேலைக்குத் திரும்புறதப் பத்திப் பேசலாம்," என்றார் டாக்டர்.

நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் நிற்கும். அந்தக் குழாய்களோடு ஆறு வருஷம் கழித்தவருக்கு டாக்டர் சொன்னது விளங்கியது. மறுவாரமே கலியன் உள்ளே சுண்ணாம்புக் காரை படிந்த ஒரு பழைய குழாயின் வெட்டுத் துண்டைக் கொண்டுவந்து, "இதான்ணே ஒங்க நெஞ்சு, பத்திரமா வச்சிக்கங்க," என்று சிரித்துவிட்டுப் போனான். அது காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அக்கா ஞாயிறுதோறும் அதைத் தாண்டித்தான் வந்தாள்.

"அக்காகிட்ட நெஞ்சுன்னு மட்டும் சொல்லிடாத," என்று ஆஸ்பத்திரியிலேயே மனைவியிடம் வாக்கு வாங்கியிருந்தார். அப்பா கரும்புக் கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிர்விட்டது அக்காவின் கண்ணெதிரே. அம்மா இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தச் சொல்லை இன்னொரு தடவை அவள் காதில் போட அவருக்குத் துணிவில்லை.

பட்டம்மாள் படித்தது மூன்றாவது. டாக்டர் சொன்னதை ஒருமுறைதான் கேட்டாள், திருப்பிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல். முட்டையை அவித்தால் மஞ்சள் கருவைப் பிதுக்கி எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் வைப்பாள். மோரில் ஒரு திட்டு வெண்ணெய் மிதக்காது. புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி, அது பட்டம்மாளின் தாய்வீடு வரைக்கும் போய், அங்கிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனது. அதற்கும் வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கை இப்படிக் காப்பாற்றும் மனுஷியைச் சிங்காரவேல் கண்டதில்லை. தானாக இருந்தால் மூன்றாம் நாளே உளறியிருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் கொடுத்திருந்தார். பதில் இன்னும் வரவில்லை.

அன்று அக்கா நாலரை மணி பஸ்ஸைத் தவறவிட்டாள். அந்தி சாய்ந்ததும், "நான் ஏத்தறேன், நீ வேலையப் பாரு," என்று சாமி மாடத்துக்குப் போனவள், விளக்கைக் கையில் எடுத்து முகர்ந்தாள். திரியின் அடியில் கருகிய முருங்கை இலை ஒன்று ஒட்டியிருந்தது.

"என்னாடி இது? எந் தம்பி வயித்துக்குக் கொண்டாந்தத வெளக்குல ஊத்திக்கினு இருக்கியா? அவன எலும்பாக்கிப்புட்டு, சாமிக்குக் கொழுப்பு ஏத்துறியா?"

பட்டம்மாள் புருஷன் பக்கம்கூடத் திரும்பவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடரியைப் பார்த்ததும்தான் சிங்காரவேலுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவள ஒண்ணும் சொல்லாத. எனக்கு வந்தது சொரம் இல்ல. நெஞ்சு."

கஸ்தூரியம்மாள் விளக்கோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் கதவடியிலிருந்து குழாய்த் துண்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். வெளியே கைப்பிடிக்கு அடங்காத குழாய். உள்ளே காரை ஏறி, அக்கா நுழைத்துப் பார்த்த சுண்டுவிரல் பாதியில் நின்றது.

"அப்பாவுக்கும் இப்பிடித்தான் இருந்துருக்குமா?"

"யாருக்குக்கா தெரியும்."

"அன்னிக்குக் காலையில நாந்தான்டா நெய்ச்சோறு பெசஞ்சு போட்டேன். இன்னும் ஒரு வாய்னு கேட்டுத் தின்னாரு."

பட்டம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு நா சோத்துல வர்றதில்ல அண்ணி இது. அன்னிக்கு நம்மள்ல யாருக்குத் தெரியும்?"

"ஊரு பூரா ஒன்னப் பேசினனேடி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு இவரு பயந்தாரு."

வெளியே சைக்கிள்கள் சுரங்கத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கஸ்தூரியம்மாள் வாளியை இழுத்து, தானே கட்டிய துணியைத் தானே அவிழ்த்தாள். வாளியைச் சாய்த்து நெய்யை அந்த விளக்கிலேயே ஊற்றினாள். விளக்கின் விளிம்பைத் தாண்டி நெய் வழியப் போக, பட்டம்மாள் உள்ளங்கையைக் குவித்து அடியில் ஏந்திக்கொண்டாள்.