ஆடிக்குத் தாய்வீடு போன சிமெண்ட் பங்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், ஒன்றும் தப்பில்லை. சிமெண்ட் கம்பெனிப் பங்கு ஒன்று ஆடிக்குத் தாய்வீடு போன கதையைச் சொல்கிறேன்.

ரத்தினசபாபதி வைகாசியில் அந்தப் பங்கை வாங்கினார். ஆடி முதல் தேதி அது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டது. வைகாசியில் வாங்கியதெல்லாம் அப்படித்தான் போகும். முப்பது வருஷத்து விலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் ஆடிக் கட்டம் காலியாகவே இருக்கும்.

அவருக்கோ அதை விற்றாக வேண்டும். மனைவி மங்களவல்லிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் ஆடித் தள்ளுபடி போட்டிருந்தார்கள். ஒரு கண் செய்தால் மறு கண் பாதி விலை.

பங்கு விற்கும் ஆபீசுக்குப் போனார். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. கவுண்டரைத் தொட்டபோது ஆடி பதினேழு.

“பங்கு இல்லாம எப்படிங்க விக்கிறது? ஆவணியில வந்துரும்,” என்றாள் கவுண்டர்ப் பெண்.

“நானே போய்க் கூட்டிட்டு வந்தா?”

“ஆடியிலயா? வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?”

“நான்தாம்மா பெரியவன். அறுபத்தெட்டு.”

அவள் வயதைக் குறித்துக்கொண்டாள்.

மங்களவல்லியும் தடுத்தாள். “ஆடியில மாப்பிள்ளை போய் வாசல்ல நிக்கிறதா? ஊர் சிரிக்கும்.” அவர் கேட்கவில்லை.

தாய்வீடு சுண்ணாம்புக் குவாரிக்குப் பக்கத்தில் இருந்தது. பங்கின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். தலையெல்லாம் சிமெண்ட் தூசி.

“மாப்பிள்ளை வீட்ல காலண்டர் கிடையாதோ?”

பிறகு மோர் கொடுத்தாள். பங்கு எதிரே வந்து உட்கார்ந்தது. மின்விசிறி சுற்றியது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அதன் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அது வர மறுத்தது. அவர் தனியாகத் திரும்பினார்.

ஆடியில் அவ்வளவே போதும்.

ஆவணியில் பங்கு தானாக வந்தது. விலை காலையில் ஏறியது, மத்தியானம் இறங்கியது. மாங்காய் கேட்டது. ஆபீசுக்குக் கூட்டிப் போனார்.

“மசக்கைங்க,” என்றாள் கவுண்டர்ப் பெண். “புள்ளத்தாச்சிய நாங்க விக்கிறதில்ல. அப்பவே சொன்னேன்ல?”

தை மாதம் மங்களவல்லி தடவித் தடவி அதன் கைகளில் வளையல் அடுக்கினாள். சித்திரையில் போனஸ் பங்கு பிறந்தது. வெயில் கொளுத்தியது. குழந்தை ஓயாமல் அழுதது.

கவுண்டர்ப் பெண் படிவத்தோடு வீட்டுக்கே வந்தாள். “தாயைத் தொட முடியாதுங்க. சின்னத வேணா வித்துக்கலாம். ஒரு கண்ணுக்கு ஆகும்.”

ரத்தினசபாபதி பேனாவைத் திறந்தார். மங்களவல்லி குழந்தையை மடியில் போட்டு முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“மூக்கு உங்களோடது,” என்றாள்.

“கையெழுத்துப் போடட்டுமா, மங்களம்?”

“போடுங்க. கண்ணு வந்தப்புறம் நான் யாரைப் பாக்கிறதுன்னும் அதிலேயே எழுதிடுங்க.”

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை.

பேனாவை மூடினார். படிவத்தை இரண்டாக மடித்துக் குழந்தைக்கு விசிறினார். அழுகை நின்றது. விலை அரை ரூபாய் ஏறியது. அவர் விசிறிக்கொண்டே இருந்தார்.

அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டிலிருந்து ஆடியில் போனதெல்லாம் ஆவணியில் நிறைந்து திரும்பட்டும். உங்கள் வீட்டில் எந்த மடியும் காலியாக இருக்க வேண்டாம். எல்லார் கண்ணும் குளிர்ந்திருக்கட்டும்.