ஓரகத்தியின் ஸ்லைடு

ஸ்லைடைக் கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. பார்த்த இடமெல்லாம் பழுப்பு. ஒவ்வொரு செல்லின் நடுப்பொட்டும் பிசகில்லாமல் நிறம் பிடித்திருந்தது. போன வாரம் ஓரகத்தியின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி அது.

பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாகச் சாயம் ஏற்றுகிறவள் அவள். கையெழுத்துப் போடுவது டாக்டர்தான் என்றாலும், எது நல்லது எது கெட்டது என்பது அவளுக்கு அத்துப்படி. இந்தச் சாயத்தில் பழுப்புப் பிடித்தால் ஹார்மோன் மாத்திரைக்கு நோய் கட்டுப்படும். ஆள் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே மேசைக்கு அவளுடைய சொந்த மார்பிலிருந்து எடுத்த கட்டியும் வந்தது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் மூன்று ஸ்லைடிலும் பேருக்குக்கூடப் பழுப்பில்லை, வெறும் நீலம். கட்டி வளரும் வேகத்தைக் காட்டும் நாலாவதில் மட்டும் பழுப்பு அப்பிக் கிடந்தது. வீட்டில், சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஓரகத்திக்கு எல்லாமே இப்படித்தான், கேட்காமலே வாய்க்கும். மாமியாரின் செல்லம், சொன்ன பேச்சைத் தட்டாத புருஷன், இப்போது இதுவும். சாயம் தூக்கலாகியிருக்கும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, கட்டியிலிருந்து புதிதாக ஒரு சீவல் எடுத்து மறுபடி ஏற்றினாள். மூன்று மணிநேரம் போனது. முதலாவதைவிட இரண்டாவது பளிச்சென்று வந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பொறாமை மட்டும் இம்மியும் குறையவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க ஓரகத்தி கொடுத்து வச்சவங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த ஓரகத்தி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

"அக்கா, உங்களுக்கு வந்த மாதிரியே எனக்கும் வந்திருந்தாப் போதும். அதைத்தான் வேண்டிக்கிட்டு இருந்தேன்."



"இல்லம்மா. என்னுது மாதிரி இல்ல உன்னுது."

பொய்யில்லை. ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனது.

"எவ்வளவு நாள்க்கா?"

மாத்திரையிலேயே கட்டுப்பட்டுவிடும் என்று சொல்லவேண்டிய மிச்சம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எட்டு மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் அவள் தனியாகப் பார்த்துவந்த முகம் இப்போது எதிரே இன்னொருத்தியிடம் இருந்தது. கையை விடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.