முனியராஜ் செத்த இடத்தில் கோயில்

2005-ல் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து அறை வெடித்து முனியராஜ் செத்துப்போனான். அந்த இடத்தில் முதலாளி அம்மன் கோயில் கட்டினார். அங்கே கும்பிட்ட பிறகுதான் எல்லோரும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சீசனில் முனியராஜின் மனைவி பொன்மணி அதே கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பினாள். ஊர்க் கோயிலில் வருஷந்தோறும் தீச்சட்டி எடுத்தவள் அவள். இங்கே கை கூப்பியபோது மனசுக்குள் ஒன்றுமே வரவில்லை.

போர்மேன் அய்யாதுரை குங்குமத்தை விட்டுத் திருநீற்றை மட்டும் நீட்டினார். “பூசிக்கோ தாயி. ஆத்தா இருக்கா, இனி ஒண்ணும் ஆகாது.”

“இனிமே எனக்கு என்ன ஆகணும், அண்ணாச்சி?”

அவள் பூசிக்கொண்டு உள்ளே போய்த் திரி செருக உட்கார்ந்தாள்.

“என்னக்கா வேண்டுனீக?” என்று பக்கத்தில் இருந்த தங்கத்தாய் கேட்டாள்.

“கும்பிடச் சொன்னாக, கும்பிட்டேன்” என்றாள் பொன்மணி.