இரண்டு செகண்ட் முன்னால்

அந்த வீட்டு டிவிக்குப் பின்னால் இருந்த கணினி, அதில் அடுக்கியிருந்த அறுநூற்றுச் சொச்சம் படங்கள், இணையத்தில் பிடித்துச் சேர்த்த வீடியோக்கள் எல்லாமே மூத்த மருமகளின் ஏற்பாடு. யாரோ குப்பையில் போடவிருந்த ஆபீஸ் கணினியைத் தூக்கி வந்து, தானே படித்து, தானே கெடுத்து, தானே சரிசெய்து வீட்டுக்குள் ஒரு தியேட்டரை நிறுத்திவிட்டாள். 'இன்ஜினியர்' என்று பட்டப்பெயர். பாதி கேலி, பாதி பெருமை.

பாட்டில் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் அவளுக்குக் காது இரண்டும் போய்விட்டன. நேரே முகம் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துவிடுவாள். சினிமாவில் யார் அவளுக்காக முகத்தை நேரே காட்டிக்கொண்டு பேசுகிறார்கள்? படத்தின் கீழே எழுத்து ஓடினால்தான் உண்டு. எழுத்து இல்லாத படங்களுக்கு, பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருளை ஓடவிட்டு, உட்கார்ந்து திருத்துவாள். அது 'மாப்பிள்ளை வந்தாச்சு' என்பதை 'மாப்பு இல்லை வந்தாச்சு' என்று எழுதி வைத்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

இத்தனை பாடும் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரிக்க.

அதற்குத்தான் புருஷனின் தம்பி வேட்டு வைத்தான். அவன் கணக்கு வாத்தியார்.

"அண்ணி, படத்து மேல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கண்ணு அங்கேயே போகுது" என்று ரிமோட்டை எடுத்து எழுத்தை அணைத்தான். யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பில் சோபாவே குலுங்கியது. அவள் புருஷனின் தோளைத் தட்டினாள்.

"என்ன சொன்னான்?"

"அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வரவே வராது. காது கேட்காதவர்கள் யாரையாவது கேட்டுப்பாருங்கள், கண்ணுகளா.

மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று. நான்காவது ஞாயிறு அவள் முதல் ஆளாக வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். புதுக் காமெடிப் படம். கொழுந்தன் ரிமோட்டை அமுக்கினான். எழுத்து போகவில்லை. பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டான். அசையவில்லை. கணினியிலேயே பூட்டுப் போட்டிருந்தாள். சாவி அவள் போனில்.

திரையில் ஒரு போலீஸ்காரர் பீரோவைத் தட்டி, "உள்ள யாரு?" என்றார். உள்ளே ஒளிந்திருந்த திருடன் வாயைத் திறக்கும் முன்பே கீழே எழுத்து வந்துவிட்டது: 'யாரும் இல்ல சார்.' அவள் வெடித்துச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் திருடன் பேசினான். படித்து முடித்துவிட்டவர்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, எழுத்து முந்திக்கிட்டு வருது!" என்றாள் கொழுந்தன் பெண்டாட்டி.

கொழுந்தன் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான். "ஜோக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு அண்ணி. படமே பாழ்."

"ரெண்டே ரெண்டு செகண்ட்தான் தம்பி முன்னால தள்ளியிருக்கேன். நான் மூணு வாரமா பின்னால கிடந்தேனே?"

"பழி வாங்கறீங்களா?"

"ஆமா. பின்ன, கொஞ்சுவாங்களா?"

புருஷன் படத்தை நிறுத்தினான். அவள் பக்கம் திரும்பி, "விட்டுடேன். சின்னவன்தானே" என்றான்.

"சின்னவனா? தலையில முடியைத் தேடணும்!"

கொழுந்தனுக்கு முகம் சிவந்தது. "சரி, நான் ரூமுக்குப் போய் இதே படத்தை போன்ல பார்த்துக்கறேன்."

"தாராளமா. அதுவும் என் கணினியிலேர்ந்துதான் வரணும். அங்கேயும் எழுத்து ஓடும்."

அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஜினியர் போனைக் கையில் எடுத்தாள். "ரெண்டு செகண்டைத் திருப்பித் தர்றேன். எழுத்தைத் தர மாட்டேன். எல்லாரும் சிரிக்கறப்ப உங்க மூஞ்சிகளைப் பார்த்துக்கிட்டு இனிமே உக்காந்திருக்க மாட்டேன். பிடிச்சா உக்காருங்க, பிடிக்கலேன்னா கதவு திறந்துதான் இருக்கு."

படம் மறுபடி ஓடியது. எழுத்தும் வாயும் ஒன்றாக வந்தன. கொழுந்தன் பிளாஸ்டிக் நாற்காலியை மூலைக்கு இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

படத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டும் இரைச்சலில் திருடனின் மனைவி என்னவோ கத்தினாள். புருஷன் காதைத் தீட்டிக்கொண்டான். மூலையிலிருந்த கழுத்து மெல்ல டிவி பக்கம் திரும்பி நீண்டது. கண் கீழே போயிற்று. உதடு அசைந்து அசைந்து வரியைப் படித்தது. பிறகு கொழுந்தன் குபீரென்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும், அதே நொடியில்.

அவன் எழுத்தைப் படித்ததை அவள் பார்த்துவிட்டாள். போனைத் திறந்து எழுத்தை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினாள்.