நியூட்ரலில் இறங்காத ஜீப்பு

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினொன்றாம் நாள், போடிநாயக்கனூர் ஜீப்பு நிறுத்தத்தில் ஒரு பிளக்ஸ் தட்டி கட்டப்பட்டது. இறந்துபோன ஒருவனின் படத்தைப் போட்டு, "நியூட்ரலில் இறக்கினான், உயிரை விட்டான்" என்று அதில் அச்சடித்திருந்தார்கள். அவன் நியூட்ரலில் இறக்கினான் என்பதற்குச் சாட்சி ஒருவரும் இல்லை. சாட்சி உண்டா என்று விசாரித்தவரும் இல்லை. குறை இதுதான்.

படத்தில் இருந்தவன் பிரபு. அதற்கு முந்தைய மாதம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றில் வேலையாட்களை இறக்கிவிட்டு, வெறும் ஜீப்பைத் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பியவன், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். வண்டி நசுங்கிப்போனதால் பிரேக் பழுதா, கியர் எந்த நிலையில் இருந்தது என்று எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. டீசலை மிச்சப்படுத்துவதற்காக, இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியை உருட்டிவிடும் பழக்கம் அந்தச் சாலையில் சிலருக்கு உண்டு. வெறும் வண்டி, இறக்கம், பள்ளம் என்று கூட்டிப் பார்த்த ஜீப்பு உரிமையாளர் சங்கம் விடையை எழுதித் தட்டியில் கட்டிவிட்டது. சங்கத்தின் செயலாளர் இனியவன். விழுந்த ஜீப்பும் இனியவனுடையதே. பிரேக் பழுது என்று ஆகியிருந்தால் தட்டியில் வேறொருவர் பெயர் இருந்திருக்கும்.

பிரபுவின் தந்தை லிங்கேஸ்வரன் அழவில்லை. அழுகை வருமென்று உறவினர்கள் காத்திருந்து, வராமற்போகவே கிளம்பிப் போனார்கள். அவர் குரங்கணியில் கொஞ்சம் ஏலம் பயிரிட்டிருந்தார். டவுனில் இருந்த வீட்டின் முன்னறையில், பொழுதுபோக்காகப் பல ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தார். காரியம் முடிந்த மறுநாளே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இருந்தது. மேல்சாலையில் செல்போன் சிக்னல் கிடையாது. ஓட்டுநர்கள் பேச வேண்டியதை, வண்டியை ஓட்டிக்கொண்டே முன்கூட்டிப் போனில் பேசிப் பதிந்துவிடுவார்கள். இறக்கத்தில் அத்திமர வளைவுக்கு வந்ததும் சிக்னல் பிடித்து, பதிவு தானாக வீட்டுக்குப் போய்விடும். பிரபு விழுந்தது அதற்கு அடுத்த வளைவில். அவன் தாய் ஜோதியின் போனில் அந்தப் பதிவு இருந்தது.

"ஆத்தா, கொழம்பு வைக்காத. சோலைமலை அண்ணே கருவாடு குடுத்துருக்காரு. வெரசா வந்துர்றேன்."

அவன் குரலுக்கு அடியில் ஜீப்பின் ஓசையும் பதிந்திருந்தது. கியரில் இறங்கும் வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். அப்போது அது முனகும், வளைவுக்கு வளைவு அந்த முனகல் ஏறி இறங்கும். நியூட்ரலில் வருகிற வண்டியின் எஞ்சினோ நிழலில் நிற்பதைப்போல ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். மலையில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் இந்த வேறுபாடு தெரியும். ஆனால் போனின் சிறிய ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தராது. லிங்கேஸ்வரன் போனைத் தம்முடைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டார். முனகல் கேட்டது. உடனே மைத்துனன் அருள்பாண்டியை வரவழைத்தார்.

அருள்பாண்டி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மச்சான், இது ஜீப்பு மொனங்குதா, ஒங்க பெட்டி மொனங்குதா?"

லிங்கேஸ்வரன் போன் வயரைப் பிடுங்கினார். முனகல் நிற்கவில்லை. வீட்டு மின்சாரத்தின் உறுமல் பெட்டிக்குள் கசிந்து, எஞ்சின் ஓசை இருக்க வேண்டிய அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"பேட்டரியில போட்டா உறுமாதுல்ல?"

"பேட்டரி எறங்க எறங்கச் சத்தமும் மாறும் மாப்ளே. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு கேட்டா இனியவன் ஒத்துக்குவானா?"

"அவன் கடவுளே வந்து சொன்னாலும் ரெண்டாவது சாட்சி கேப்பான்," என்றான் அருள்பாண்டி.

பெட்டிக்குள் வரும் மின்னழுத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே அளவில் நிறுத்தும் சிறிய உறுப்புக்கு ரெகுலேட்டர் என்று பெயர். எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 7812 என்ற மூன்று கால் உறுப்புதான் அவருடைய பெட்டியில் இருந்தது. பாட்டுக் கேட்பதற்கு அது போதும். இந்த வேலைக்குப் போதவில்லை. அதை எடுத்துவிட்டு 317 என்ற வகையைப் பொருத்தி, அதன் ஒரு காலில் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தார். உறுமல் நன்றாகத் தணிந்தது. ஆனால் ஒலியைக் கூட்டினால் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல் எழுந்து வந்தது. ஸ்பீக்கரும் அதுவே, ஒலியின் அளவும் அதுவே, ரெகுலேட்டர் மட்டும்தான் மாற வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொன்றையும் முதலில் போன் இல்லாமல் கேட்பார். பிறகு போனை இணைத்துக் கேட்பார். இரைச்சல் மிகக் குறைந்த புதுவகை ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். அது ஏலக்காய் விதையளவே இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பற்றவைத்ததில் முதலாவது கருகியது. அடுத்தது பிழைத்தது.

இதற்கிடையில் பிரபு நாள் முழுவதும் அந்த அறையில் பேசிக்கொண்டே இருந்தான். ஜோதி ஒருநாள் அடுக்களையை விட்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

"இங்கேருங்க. பிள்ளை என்ன சொல்றான்னு கேக்குறீகளா?"

"சத்தம் போடாத. ஏறுதா எறங்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

புதிய ரெகுலேட்டர் பொருந்திய நாளில், போனை இணைக்காமல் ஒலியை முழுவதும் கூட்டி, ஸ்பீக்கரின் கூம்பில் காதை வைத்தார். அடுத்த வீட்டு மிக்சி ஓடுவதுதான் கேட்டது. போனை இணைத்தார். முனகல் வந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மகிழ்ச்சி வர வேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அருள்பாண்டி இனியவனை அழைத்து வந்தான். சங்கத்து ஓட்டுநர்களில் மூத்தவரான சோலைமலையும் உடன் வந்தார். மூவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். லிங்கேஸ்வரன் பதிவை ஓடவிட்டார்.

சோலைமலை கண்ணை மூடிக் கேட்டார். "செகண்டு கியரு," என்றார். பிறகு, "இங்க வளைவு... மறுபடி செகண்டு. கியர்லதான் வந்துருக்கான்."

"அது பெட்டிச் சத்தம்ணே," என்றான் இனியவன்.

லிங்கேஸ்வரன் போன் வயரைப் பிடுங்கினார். அறையில் ஓசையே இல்லை. இனியவன் எழுந்து வந்து, பெட்டியின் பொத்தானைத் தானே திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் குனிந்து பார்த்தான். வயரை மீண்டும் சொருகினார் லிங்கேஸ்வரன். ஜீப்பு முனகியது.

"என்ன செயலாளரே," என்றான் அருள்பாண்டி, "பெட்டிக்குள்ள இன்னும் யாராச்சும் இருக்காகளா?"

இனியவன் அவனைப் பார்க்கவில்லை. "சரிண்ணே. கியர்லதான் வந்தான்னே வச்சுக்குவோம். போன்ல பேசிக்கிட்டே ஓட்டுனது மட்டும் சரியா?"

"தப்புதான்," என்றார் லிங்கேஸ்வரன். "அதை எழுதி மாட்டுங்க. எம்மகன் படத்தைப் போட்டே மாட்டுங்க. செய்யாததை எழுதாதீங்க."

இனியவன் இதை எதிர்பார்க்கவில்லை. செருப்பைத் தேடினான். "சங்கத்துல பேசிட்டுச் சொல்றேன்ணே, சோலி கெடக்கு," என்று படியிறங்கினான். அருள்பாண்டி அவன் பின்னாலேயே போனான். தெருமுனை வரை அவன் குரல் கேட்டது.

சோலைமலை மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தாண்ணே குடுத்தேன்," என்றார். "காலையில மலைமேல வச்சுக் குடுத்தேன். ஆத்தாவுக்குப் பிடிக்கும்னு சிரிச்சுக்கிட்டே வாங்குனான்."

"எதைக் குடுத்தீக?"

"கருவாடுண்ணே."

"என்ன கருவாடு?" என்று கேட்டார் லிங்கேஸ்வரன்.

சோலைமலை அவரை உற்றுப் பார்த்தார். அடுக்களையில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. லிங்கேஸ்வரன் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டுக் காதைச் சாய்த்தார். மகன் பேசினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய காது வழக்கம்போல் அடியில் இறங்கி, எஞ்சினைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மறுபடி ஓடவிட்டார். அப்போதும் அப்படியே. சோலைமலை எழுந்து, போன் வயரை மெதுவாகப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். அடுக்களை வாசல்வரை சென்று, "போய்ட்டு வர்றேன் ஆத்தா," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

சங்கத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. வெயிலில் வெளுத்த தட்டியைத் தைப்பொங்கலுக்கு முன் கழற்றினார்கள். கழற்றி, அதே படத்தோடும் அதே வாசகத்தோடும் புதிதாக அச்சடித்துக் கட்டினார்கள். இந்த முறை எழுத்துகள் பெரியவை. அதை எழுதியவன் கேட்காமல் எழுதவில்லை. கேட்டபின் எழுதினான்.

இதைப் படிக்கும் நீங்கள் என்றேனும் போடிநாயக்கனூருக்கு வருவீர்கள். மலையேற அந்த நிறுத்தத்துக்குத்தான் வர வேண்டும். ஜீப்பில் ஏறுமுன் செயலாளர் எங்கே என்று விசாரியுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை லிங்கேஸ்வரன் வீட்டில் உம் காதால் என்ன கேட்டீர் என்று அவரிடம் கேளுங்கள். அவர் வாயைத் திறந்து சொல்லும்வரை வண்டியில் கால் வைக்காதீர்கள்.