அடைப்புக்குறிக்குள் இருந்த உயரம்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நூற்றுச் சொச்சம் பயணிகளோடு ஒரு விமானத்தைக் கொண்டுபோய் நேபாளத்து மலையொன்றில் மோதினேன். ஒருவருக்கும் காயமில்லை. விமானமும் கணினிக்குள், மலையும் கணினிக்குள். பயணிகள் அங்கேகூட இல்லை. போனது என் மரியாதை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

என் பெயர் கனகலிங்கம். உரும்பிராயில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். கிழமை முழுக்கத் தோட்டக்காரரின் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்துக்குப் போவேன். கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட யதுசன் பனர் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறான். அதன் மேல்மாடியில் எங்களைப்போன்ற கணினிப் பறப்புப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். சிலர் தங்கள் வீட்டிலிருந்தே சேருவார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து நேரலையில் பார்க்கவும் ஆட்கள் உண்டு. அங்கே நான்தான் வாத்தியார். மேகத்துக்குள் கண் தெரியாமல் இறங்குகிறவன் எந்தப் பக்கத்தால் வரவேண்டும், எங்கே எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லும் ஒற்றைத்தாள் வரைபடத்தை வாசிக்கப் பழக்குவது என் வேலை. வீட்டில் என் சொல் செல்லாது. என் கடையில் பம்புகளும் கேட்பதில்லை. நான் வாய் திறந்தால் பத்துப் பேர் பேசாமல் இருந்து கேட்கிற இடம் உலகத்தில் அந்த மேல்மாடி ஒன்றுதான்.

அந்த வரைபடத்தின் அடியில் ஓர் உயரம் இருக்கும். அதுவரை இறங்கியும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால், மேலே ஏறிப் போய்விட வேண்டும். அந்த உயரத்தை இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். பெரிய எண், கடல்மட்டத்திலிருந்து. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ள சின்ன எண், ஓடுபாதைத் தரையிலிருந்து. விமானத்தின் உயரமானி காட்டுவதோ கடல்மட்டக் கணக்கு. எங்கள் பலாலி விமானநிலையத்தில் இறங்குகிறவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் ஊரில் தரையும் கடலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர். பெயரில் மலை வைத்திருக்கிற கீரிமலைக்குப் போனாலும் கேணிக்குள் இறங்கத்தான் வேண்டும். ஆகவே, "சின்ன எண்ணைப் பிடியுங்கோ, மனதிலை நிக்கும்" என்று நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். நானும் அதையே பிடித்தேன்.

நேபாளத்தில் பெரிய எண் ஐயாயிரத்துச் சொச்சம் அடி. அடைப்புக்குறிக்குள் அறுநூறு. நான் மேகத்துக்குள் அறுநூறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மலையைக் கண்டு கத்துகிற எச்சரிக்கைக் குரலை எப்போதோ நிறுத்தியிருந்தேன். பலாலியில் அது பனைகளைக் கண்டெல்லாம் கத்தும்.

அப்போதுதான் அருந்ததி மைக்கைத் திறந்தார். அவர் தெல்லிப்பழையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்தே சேருவார். பேச்சுத் திக்கும், அதனால் எதையும் தட்டச்சிலேயே சொல்லுவார். அன்றைக்கு முதன்முதலாகக் குரல்.

"கனகண்ணை, அ-அ-அடைப்பு..."

எனக்கு வாய் சும்மா கிடக்காது. "அ-அ-அருந்ததி, ப-ப-பயப்பிடாதையும்," என்றேன். மேல்மாடி அதிர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து சிரிக்கும் முகங்கள் வந்து திரையில் விழுந்தன. நானும் சிரித்தேன்; என் பகிடிக்கு முதலில் சிரிக்கிறவன் எப்போதும் நான்தான். அவர் மறுபடி தொடங்கினார். நானும் மறுபடி தொடங்கினேன். அவர் இன்னொரு முறை தொடங்கியபோது மேகம் விலகியது. முன்னால் ஓடுபாதை இல்லை. பாறை இருந்தது.

அன்று இரவே குழுவின் வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் வந்துவிட்டது. என் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர்த்துளி. "உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் நேபாளத்து மலையை மோதுமிடமாகவும் கொண்ட கனகலிங்கம் அவர்கள் அறுநூறு அடியில் அகால மரணமடைந்தார். அன்னார் அடைப்புக்குறியின் அன்புக் கணவரும், உயரமானியின் பாசமிகு எதிரியும் ஆவார். தகவல்: மலை." யதுசனின் கைவேலை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நான் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டேன். வேறென்ன செய்ய?

அதற்குக் கீழே ஒரு வரி வந்தது: அருந்ததி வெளியேறினார்.

என் நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை பேருக்குள் எனக்காக மனம் நொந்தது அவர் ஒருவர்தானே!

விடிந்து கடையைத் திறந்தால் எதிரே மின்கம்பத்தில் நான். யதுசன் அந்த அறிவித்தலை அச்சடித்தே ஒட்டியிருந்தான். முதல் ஆளாக ஒரு வெங்காயத் தோட்டக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா," என்றார். "உயிரோடைதான் இருக்கிறியளோ? என்ரை மோட்டர் உள்ளை கிடக்கெண்டு பயந்துபோனன்."

மத்தியானம், செய்தி கேட்டுத் தொண்டைமானாற்றிலிருந்து மனைவியின் அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். சந்தியிலேயே அழுகையைத் தொடங்கியிருந்தார். ஒழுங்கை முழுக்க வெளியே வந்து நின்றது. வாசலில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டதும் அழுகை நின்றது.

"செத்திருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்," என்றார். பிறகு என் மனைவி உதயகலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிச்சத்தை அழுதார். ஓட்டோக்காரனுக்கும் சேர்த்து நான்தான் தேத்தண்ணி கொடுத்தேன். என் சொந்தச் செத்தவீட்டில் தேத்தண்ணி பரிமாறிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் பரவாயில்லை. பகிடி விடுகிறவன் பகிடியைத் தாங்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: வாற ஞாயிறு வகுப்பு எனக்குத்தானா? யதுசனின் கடைக்குப் போனேன். யாருடையதோ பூப்புனித நீராட்டு விழாப் பனரை வெட்டிக்கொண்டிருந்தான்.

"யதுசன், ஞாயிறு நான் எந்த வரைபடத்தை எடுக்கிறது?"

"பாப்பமண்ணை."

"என்னத்தைப் பாக்கிறது? எண் பிழைச்சுப் போச்சு. ஓம். இனிப் பெரிய எண்ணைப் படிப்பிக்கிறன்."

"அது சரியண்ணை. மெஷின் ஒண்டும் வேலை செய்யுதில்லை, மேலை வயர் இழுக்கவேணும், இந்த ஞாயிறு வகுப்பு இருக்குமோ தெரியாது."

"அப்ப அடுத்த ஞாயிறு?"

"பாப்பமண்ணை," என்றான். வெட்டிய துண்டை வலு கவனமாக மறுபடி வெட்டினான்.

மற்றவர்களுக்குப் போன் அடித்துப் பார்த்தேன். ஒருவன் மிளகாய்க்கு மருந்தடிக்கிறானாம். ஒருவன் கோயிலில் நிற்கிறானாம். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. மனைவியிடம் கேட்டேன்.

"இஞ்சரும், உவங்கள் என்னை விலத்துறாங்களோ?"

"சோறு ஆறுது, வாங்கோ," என்றாள் உதயகலா.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"அந்தப் பிள்ளையைப் போய்ப் பாத்தியளோ?"

"எந்தப் பிள்ளை?"

அவள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அருந்ததியைத்தான் சொல்கிறாள் என்று பிறகு விளங்கியது. நல்ல யோசனைதான். எனக்காகக் குழுவை விட்டே போனவரிடம் ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? பையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போட்டுக்கொண்டு தெல்லிப்பழைக்கு மோட்டார்சைக்கிளை விட்டேன். வழிநெடுக, திரும்பிக் குழுவுக்கு வாரும் என்று அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதை ஒத்திகை பார்த்தேன். வகுப்பு மறுபடி கிடைக்க அவர் ஒரு சொல் சொன்னால் போதும் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

கடையில் வேறு ஆட்கள் இல்லை. சுவரில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள். அருந்ததி ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"செத்தவன் வந்திருக்கிறன். உம்மடை கண்ணுக்குத் தெரியுதோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முறுக்கியை மேசையில் வைத்தார்.

"நீர் எனக்காக விலகத் தேவையில்லை, தங்கச்சி. எனக்கு உதெல்லாம் பழகிப்போச்சு. வாற ஞாயிறு நீரும் வாரும், நானும் வாறன். யதுசனுக்கு நீர் ஒரு சொல்லுச் சொன்னா..."

அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த பக்கத்துக்கு இல்லை.

"ய-ய-யதுசன்..." என்று தொடங்கி நின்றார்.

"யதுசன் என்ன சொன்னவன்? என்னை வேண்டாமெண்டவனோ? அந்த எண்ணாலையோ?" என்று மிச்சத்தை நானே நிரப்பினேன்.

அவர் கையை உயர்த்தினார். வீதியைக் கடக்கிற பிள்ளைக்காகப் பொலிஸ்காரன் வாகனத்தை நிறுத்துகிற மாதிரி. நான் நின்றேன்.

என் வாய் அரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல் வெளியே வரும்வரை காத்திருப்பதைவிட ஆழக்கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்குவது எனக்குச் சுகம். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அது வரும்வரை விடாமல் பிடித்து, ஒன்றின்பின் ஒன்றாக என் முன்னால் வைத்தார்.

"ய-யதுசனுக்கு அண்டைக்கே சொன்னனான். அவன் உ-உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை. என்னத்தை?"

"எ-எண் பிழைச்சது பிழையில்லை. ஆ-ஆருக்கும் பிழைக்கும். நான் மலையெண்டு சொ-சொல்ல வந்தனான். நீங்கள் என்னைப்போலக் க-கதைச்சுக் காட்டிக்கொண்டிருந்தனீங்கள்."

மாம்பழப் பை என் கையில் கனத்தது. ஒரு பகிடி கிடைக்குமா என்று தேடினேன். இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தன.

"அப்ப," என்றேன், "ஞாயிறு நான் வரலாமோ, இல்லையோ?"

"இ-இல்லை," என்றார் அருந்ததி. "நீங்கள் வ-வந்தா நான் வரமாட்டன். வ-வராதேங்கோ."