இன்சூரன்ஸ் செய்த சிகரெட் படங்கள்

பிள்ளையார்பாளையத்துக் கலியாணசுந்தரத்துக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. சிகரெட்டையே தொடாத அந்த மனுஷன் சிகரெட் படங்களைச் சேர்த்ததுதான் வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த சின்னச் சின்ன அட்டைகள். கப்பல், பறவை, கிரீடம் வைத்த ராஜா. பட்டு சொசைட்டியில் சேலை விரித்துக் காட்டிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு, பழைய பேப்பர்க்காரர்களிடம் இதற்கென்றே போனது.

மனைவி பெரியநாயகி அவற்றைக் குப்பை என்றாள். அவரிடமும் சொன்னாள், வருகிறவர் போகிறவரிடமும் சொன்னாள். வெந்நீர் அடுப்புக்குக் காகிதம் தேடும்போதெல்லாம் அவள் கண் அலமாரிப் பக்கம் போகும். இவர் ஓடிப்போய் அலமாரிக்கு முன்னால் நின்றுகொள்வார். ஊரார் மதிக்காவிட்டால் போகிறது, கட்டினவள் ஒரு நாளாவது இதைச் சொத்தாகப் பார்க்க வேண்டாமா? அந்த ஆசையில்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்.

சிட்டிபாபு முதலில் சிரித்தார். மெட்ராஸ் வியாபாரி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த மதிப்பைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போட்டோ வேணும் சார். ஒவ்வொண்ணும் இப்ப எப்படி இருக்குதோ அப்படியே தெரியணும். ஒரு கறை பட்டாலும் மதிப்பு போயிடும்."

மொட்டைமாடியில் பாய் விரித்து, கல்யாணப் பந்தி போல அட்டைகளை வரிசையாக உட்கார்த்திப் படம் பிடித்தார்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கலியாணசுந்தரம் வெயிலில் குந்திக் காவல் காத்தார். தீ, திருட்டு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாலிசி வந்தது. சீல் குத்திய அந்தக் காகிதத்தைப் பெரியநாயகி வாசலில் நின்றே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"என் கழுத்துல இருக்கறதுக்கே இன்சூரன்ஸ் இல்லியே," என்றாள். அன்று முதல் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கலியாணசுந்தரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆயுதபூஜை வந்தது. சொசைட்டியில் பூஜை முடித்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு வீடு திரும்பினார். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மணை, சைக்கிள் பம்பு, பக்கத்தில் அவருடைய அட்டைகள். கண்ணில் பட்ட ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கப்பலுக்குப் பாய்மரத்தில் பொட்டு, ராஜாவுக்கு மூக்கில்.

"காலைல ஒக்காந்தவ, இடுப்பு ஒடிஞ்சிபோச்சு. ஆனா ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா வெச்சேங்க," என்றாள் பெரியநாயகி.

திட்டத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அழுகை மட்டும் வந்தது. அதைப் பக்தி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சிட்டிபாபுவை வரவழைத்தார். அவர் போட்டோவை ஒரு கையிலும் அட்டையை மறு கையிலும் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டு ஆளுங்களே பண்ணதுக்குக் கம்பெனி பணம் தராது சார். நல்லவேளை, இந்த நாலு அட்டை தப்பிச்சிருக்குது. இதையாவது யார் கண்ணுலயும் படாம வெச்சிக்குங்க."

அதற்குள் பெரியநாயகி காபியோடு வந்துவிட்டாள். அவள் பார்வை அந்த நான்கின் மேல்தான் விழுந்தது.

"அதுக்கு மட்டும் சந்தனம் பத்தலீங்க. அத்தனைக்கும் வெச்சிட்டு இத்த உட்டுட்டமேன்னு ராவெல்லாம் எனக்கு மனசே கேக்கல."

சிட்டிபாபு நான்கு அட்டைகளையும் மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் முகம் இப்படித்தான் வாடும். தன் அட்டைக்காக அது வாடி இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

கையை நீட்டிச் சிட்டிபாபுவிடமிருந்து நான்கையும் வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கி விஜயதசமிதானேமா, நல்ல நாள்தான். போய் இன்னும் கொஞ்சம் சந்தனம் அரைச்சிக்கினு வா," என்றார்.